பூட்டில்லாத ரொட்டிக் கடை

ஸ்விட்ஸர்லாந்துக்குப் போகிறவர்கள் பனிமலையைப் பார்ப்பார்கள், ஏரியைப் பார்ப்பார்கள், கைக்கடிகாரக் கடையின் வாசலில் நின்று விலைச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சும் விடுவார்கள். நாங்களும் இம்மூன்று கடமைகளையும் குறைவின்றிச் செய்து முடித்தோம். ஆயினும் ஊர் திரும்பிய பிறகு எங்கள் மனத்தில் நிலைத்து நிற்பது இவற்றில் ஒன்றுமல்ல, ஒரு ரொட்டிதான்!

பெர்ன் நகரில் எங்களை உபசரித்தவர் யாழ்ப்பாணத்து நண்பர். 1983-ஆம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின் அத்தேசத்தில் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கான தமிழர்களில் அவரும் ஒருவர். ஒரு சனிக்கிழமை காலை, "இன்றைக்குக் கடை ரொட்டி வேண்டாம் அண்ணை, பண்ணை ரொட்டி வாங்கித் தாறன், வாங்கோ" என்று எங்களை ரயிலேற்றினார்.

பெர்னுக்குக் கிழக்கே எம்மெந்தால் என்ற குன்றுப் பிரதேசம் இருக்கிறது. துளைகள் நிறைந்த பாலாடைக்கட்டிக்கு உலகப் பிரசித்தி பெற்றது. ஸெஸிவில் என்ற சிறு ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். எங்கும் பச்சைப் புல்வெளி. இடையிடையே, கூரை தரையைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும்படியான பெரிய மர வீடுகள்.

அருகிலுள்ள மிர்ஹெல் கிராமத்தில் 1899-இல் பிறந்தவர் பிரீட்ரிக் வாலன் என்ற விவசாய நிபுணர். 1940-இல் நாற்புறமும் யுத்தம் சூழ்ந்து, வெளித் தானியம் எப்போது நிற்குமோ என்று அத்தேசம் கலங்கியபோது, புல்வெளிகளையும் பூங்காக்களையும் உழுது உணவு பயிரிடத் திட்டம் வகுத்துக் கொடுத்தவர் அவரே. உழுநிலம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அப்படியும் 1942-இல் ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. ஆனால் ஜனங்கள் பட்டினி கிடக்கவில்லை. தன் உணவைத் தானே விளைவிக்கும் தேசம்தான் தலை நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

கால் மணி நேரம் நடந்ததும் பாதையோரத்தில் ஒரு மர அலமாரி தென்பட்டது. உள்ளே முட்டை, தேன், உருளைக்கிழங்கு. காகிதப் பைகளில் ரொட்டி. பக்கத்தில் துளையிட்ட ஒரு தகர உண்டியல். விற்பவர் யாருமில்லை, பூட்டுமில்லை. விலையைப் பலகையில் எழுதியிருந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு பணத்தை உண்டியலில் போட்டுவிட்டுப் போகவேண்டியது. அத்தேசத்துப் பண்ணைகளில் இது சகஜமாம்.

ஒரு கிலோ ரொட்டி ஏழு பிராங்க். எங்களிடம் ஒரு நூறு பிராங்க் நோட்டும், ஆறு பிராங்க் சில்லறையும் இருந்தன. செல்போனிலும் பணம் செலுத்தலாம் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நண்பரோ செல்போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார்.

"எடுங்கோ அண்ணை. மற்ற பிராங்கை அடுத்த சனிக்கிழமை நான் வந்து போட்டுவிடுறன்" என்றார் நண்பர்.

"வேண்டாம் அண்ணா. ஆளில்லாத இடத்தில் ஒரு காசு குறைத்தாலும் திருட்டுத்தான்" என்றாள் என் மனைவி.

நியாயம் அவள் பக்கம். பசியோ நண்பர் பக்கம். நாங்கள் இரண்டுக்கும் நடுவே நின்று தவிக்கையில், மாவு படிந்த கைகளுடன் ஒரு மூதாட்டி வந்தாள். நண்பர் அவ்வூர்ப் பாஷையில் சங்கடத்தை எடுத்துரைத்தார். அவள் சிரித்துவிட்டு, அலமாரியில் கயிற்றில் தொங்கிய ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் காட்டினாள். பாக்கி வைத்தவர்கள் தாங்களே எழுதிவைக்கும் கணக்கு அது! தீர்த்த பாக்கிகள் கோடு கிழிக்கப்பட்டிருந்தன. கோடு விழாத வரிகள் மிகச் சிலவே. ஆறு பிராங்கை உண்டியலில் போட்டுவிட்டு, "ஒரு பிராங்க் பாக்கி" என்று தமிழிலேயே எழுதினோம்.

பிறகு எங்களை அடுப்பு வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். மர வீட்டில் தீப்பிடிக்கக்கூடாதென்று அதைத் தனியே கட்டியிருக்கிறார்கள். கல் அடுப்புக்குள்ளேயே விறகை எரித்து, தணலையும் சாம்பலையும் வழித்தெடுத்துவிட்டு, கல்லில் தங்கிய சூட்டிலேயே ரொட்டியைச் சுடுகிறார்கள். முந்தின மாவில் ஒரு பிடி மீத்து வைத்து அடுத்த மாவைப் புளிக்க வைக்கிறார்கள். என் மனைவிக்கு உடனே தோசை மாவு ஞாபகம் வந்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமைக்கென்று பாலும் வெண்ணெயும் சேர்த்துப் பின்னலாகப் பின்னிய வெள்ளை ரொட்டிகளும் வரிசையாக இருந்தன.

எம்மெந்தாலில் நிலத்தைத் துண்டு போடாமல் கடைக்குட்டி மகனுக்கே கொடுப்பது பழைய வழக்கம். இவள் மகனும் கடைக்குட்டிதான். பால் விற்றுவரும் பணம் போதாமல் பாதி நாள் தச்சுப் பட்டறைக்குப் போகிறான். "ரொட்டிதான் எங்கள் மாடுகளைக் காப்பாற்றுகிறது" என்றாள் கிழவி. இது வெறும் பேச்சல்ல. 1980-இல் அந்நாட்டில் சுமார் 1,25,000 பண்ணைகள் இருந்தன. இன்று 50,000-க்கும் குறைவு. அந்த ஏழு பிராங்கில் மாவின் விலை எவ்வளவு, ஒரு குடும்பம் மண்ணில் தங்குவதற்கான விலை எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

சூடு ஆறாத ரொட்டியைத் திரும்பும் ரயிலிலேயே பிய்த்துத் தின்றோம். மேல்தோல் மொறுமொறுவென்றும் உள்ளே லேசான புளிப்புடனும் இருந்தது. வீடு சேரும்போது பாதிதான் மிஞ்சியது.

இரண்டு வாரம் கழித்து நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. பாக்கியைத் தீர்த்து, எங்கள் தமிழ் வரியின்மேல் கோடும் கிழித்துவிட்டாராம். "இது என்ன எழுத்து? எவ்வளவு அழகாக உருண்டிருக்கிறது!" என்று கிழவி கேட்டாளாம். நல்லவேளை! அவ்வரி கோடு விழாமல் நின்றிருந்தால், தமிழுக்கல்லவா அந்த அவமானம்!