எர்த் சரியாத்தான் இருக்கு, பாஜி!

ஒரு மெஷின் கத்துவதை நிறுத்திவிட்டால் ரிப்பேர் முடிந்துவிட்டது என்று நம்புகிற ஆளா நீங்கள்? போன டிசம்பர் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். எலக்ட்ரிகல் படிக்கிறவன் இதை ஒப்புக்கொள்வதில் கொஞ்சம் வெட்கம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் இருப்பது கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். இது நடுவில் இருக்கிற விவசாய பூமி. பாதாம், திராட்சை, ஆரஞ்சு, வெயில், லாரி. எங்கள் வீட்டு ஓனர் லாரி ஓட்டுகிறவர், பஞ்சாபி. இந்தப் பகுதியில் பஞ்சாபி டிரைவர்கள் நிறைய. அவரை எல்லோரும் 'பாஜி' என்பார்கள், அதாவது அண்ணன். அவர் என்னை 'புத்தர்' என்பார். பஞ்சாபியில் 'மகனே' என்று அர்த்தம். போதி மரத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை :-) என் ஹிந்தி 'தோடா தோடா', அவருடைய ஆங்கிலம் பஞ்சாபியில் முக்கி எடுத்தது. இரண்டையும் கலந்து எப்படியோ பேசிக்கொள்வோம்.

பாஜி ஒரு பழைய லாரியை வாங்கினார். அதில் சிபி ரேடியோ வைத்தார். சிபி என்றால் சிட்டிசன்ஸ் பேண்ட். 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பொதுமக்கள் பேசிக்கொள்ள அமெரிக்க அரசு 1958-ல் திறந்துவிட்ட அலைவரிசை. முதலில் 23 சேனல், 1977-லிருந்து 40. சாதாரண ஏ.எம். முறையில் 4 வாட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது எந்த பங்கில் டீசல் இருக்கிறது என்று டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் போய், இது லாரிக்காரர்களின் பாஷையாகவே ஆகிவிட்டது. அவர்கள் கூடுகிற இடம் சேனல் 19.

செல்போன் இருக்கும்போது இது எதுக்கு என்று நானும் கேட்டேன். பாஜி ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "ஃபாக்."

குளிர்காலத்தில் மழை பெய்து ஓய்ந்த ராத்திரிகளில் இங்கே தரையோடு தரையாக ஒரு பனிமூட்டம் இறங்கும். 'டூலி ஃபாக்' என்பார்கள். சில நேரம் உங்கள் வண்டியின் மூக்கே உங்களுக்குத் தெரியாது. 2007 நவம்பரில் ஃப்ரெஸ்னோ பக்கத்தில் நெடுஞ்சாலை 99-ல் இந்த மூட்டத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதின. இரண்டு பேர் இறந்துபோனார்கள். முன்னால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது, ஒரு மைல் முன்னால் போகிறவன் "நிறுத்து, நிறுத்து" என்று கத்துவது காதில் விழுந்தால் உயிர் பிழைக்கலாம். யாருக்கு போன் பண்ணுவது என்று தெரியாத இடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல, சேனல் 19-தான் உண்டு.

ரேடியோவை ஒரு கடையில் மாட்டினார்கள். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியின் கம்பியில் நாலடி ஃபைபர் ஆன்டெனா. மாட்டின நாளிலிருந்து இரண்டு தொந்தரவு. மைக் பட்டனை அழுத்தினால் ஸ்பீக்கரில் 'கீஈஈ' என்று விசில். எஞ்சின் ஓடும்போது 'ஙொய்ய்' என்று ஓர் இரைச்சல், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்ருதி ஏறும்.

"புத்தர், நீ இதுக்குத்தானே படிக்கிறே?" என்றார் பாஜி.

விடுவேனா? மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஏறினேன். முதலில் எர்த். (இங்கே கிரவுண்ட் என்பார்கள், என் வாயில் எர்த் என்றுதான் வரும்.) ஆன்டெனா மாட்டிய கம்பியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வைத்துப் பார்த்தேன். 0.4 ஓம். அருமை! அடுத்து விசில். இந்த ரேடியோக்களில் 'டாக்பேக்' என்று ஒன்று உண்டு. நாம் பேசுவது நம் ஸ்பீக்கரிலேயே கேட்கும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், மைக்கிலிருந்து ஸ்பீக்கருக்கு வந்து, சுற்றிச் சுற்றி வளர்ந்தால் விசில். கல்யாண மண்டபத்தில் மைக் செட்காரர் காதைப் பிளப்பாரே, அதேதான். டாக்பேக்கை முழுசாகக் குறைத்தேன். விசில் போச்சு. இரைச்சலுக்கு 'ஸ்குவெல்ச்' குமிழைத் திருகி ஏற்றினேன். அதுவும் அடங்கிவிட்டது.

மொத்தம் பத்து நிமிஷம். "எர்த் சரியாத்தான் இருக்கு, பாஜி!" என்று கெத்தாக இறங்கினேன். அன்று ராத்திரி எனக்கு ஸ்பெஷலாக ஆலு பராட்டா.

நாலு நாள் கழித்து பாஜி பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கம் லோடு எடுத்துக்கொண்டு 99-ல் போயிருக்கிறார். விடிகாலை, நல்ல மூட்டம். ரேடியோ அமைதியாக இருந்தது. ரோடு அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். திடீரென்று முன்னால் மங்கலாக இரண்டு சிவப்பு விளக்கு. பிரேக்கின் மேல் ஏறி நின்றதாகச் சொன்னார். ஒரு கார் நீள இடைவெளியில் வண்டி நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. உடனே மைக்கை எடுத்துப் பின்னால் வருகிறவர்களுக்குக் கத்தியிருக்கிறார், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று.

பின்னால் வந்த லாரி நின்றது. அந்த டிரைவர் இறங்கி வந்து கேட்டாராம்: "பத்து நிமிஷமா 19-ல எல்லாரும் கத்திக்கிட்டு இருக்காங்களே, உனக்குக் கேக்கலையா? இப்ப நீ ஏதோ சொன்னியே, வெறும் விசில்தான்யா வந்துச்சு."

பாஜி இதை டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

அன்று மத்தியானமே மறுபடி லாரியில் ஏறினேன். இந்த முறை குமிழ் பக்கமே போகவில்லை. லாரிக்காரர்கள் கடையில் வாங்கின ஒரு சின்ன எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மாட்டினேன். அனுப்புகிற சக்தியில் எவ்வளவு வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டுவது அது. 1.5-க்குள் இருந்தால் நல்லது. 3 என்றால் கால்வாசி சக்தி திரும்புகிறது, அதற்கு மேல் போனால் ரேடியோவின் கடைசி டிரான்சிஸ்டருக்கே ஆபத்து. சேனல் 1, 19, 40 மூன்றிலும் பார்த்தேன். மூன்றிலும் முள் 3-ஐத் தாண்டி நின்றது. ஒரு ஓரத்தில் மட்டும் அதிகமாக இருந்தால் ஆன்டெனாவின் நீளத்தைச் சரி செய்தால் போதும். எல்லா இடத்திலும் அதிகம் என்றால் கேபிள், இல்லாவிட்டால் எர்த்.

எர்த்தா? அதுதான் 0.4 ஓம் காட்டியதே!

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆன்டெனா கேபிளை ரேடியோவின் பின்பக்கம் கழற்றிவிட்டு, அதே கம்பியை அதே பேட்டரிக்கு மறுபடி அளந்தேன். மீட்டரில் ஒன்றுமே இல்லை. தொடர்பு சுத்தமாக அறுந்திருந்தது.

முதல் நாள் நான் அளந்தது லாரியின் எர்த்தையே இல்லை. கம்பியிலிருந்து கேபிளின் வெளிவலை, அதிலிருந்து ரேடியோவின் உடம்பு, அதிலிருந்து அதன் நெகட்டிவ் ஒயர், அதிலிருந்து பேட்டரி. மீட்டரின் கரண்ட் இந்தச் சுற்று வழியில் சுகமாகப் போய் வந்திருக்கிறது. கண்ணாடிக் கம்பிக்கும் லாரிக் கதவுக்கும் நடுவில் ரப்பரும் பெயின்ட்டும். கதவுக்கும் கேபினுக்கும் நடுவில் கிரீஸ் தடவிய கீல்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது. ஆன்டெனா என்பது ஒரு கை. லாரியின் இரும்பு உடம்புதான் இன்னொரு கை. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர், அதில் கால்வாசி 2.75 மீட்டர். நாலடிக் குச்சிக்குள் கம்பியைச் சுருட்டிச் சுருட்டி ஒரு கையைச் செய்துவிட்டார்கள். இன்னொரு கையை நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். இங்கே கேபிளின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அலை அது வழியாகவே கேபினுக்குள் வந்து மைக் ஒயரில் ஏறியிருக்கிறது. அதனால்தான் விசில். ஸ்பீக்கர் வழியாகச் சுற்றியது பாதி, அலை வழியாகச் சுற்றியது பாதி. நான் டாக்பேக்கைக் குறைத்தபோது முதல் பாதி நின்றது. இரண்டாவது பாதி காற்றில் போய்க்கொண்டே இருந்தது. அது கேட்காமல் போனது பாஜிக்கு மட்டும்தான்.

ஸ்குவெல்ச் கதை இதைவிட மோசம். அது ஒரு வாட்ச்மேன். குறிப்பிட்ட பலத்துக்குக் கீழே வருகிற எதையும் உள்ளே விடமாட்டான். நான் அவனை ரொம்பக் கறாராக்கிவிட்டேன். இரைச்சலோடு சேர்ந்து, ஒரு மைல் தள்ளியிருந்து வந்த பலவீனமான எச்சரிக்கைகளையும் அவன் வாசலிலேயே விரட்டிவிட்டான். பாஜி கேட்ட அந்த அமைதியைச் செய்து கொடுத்தவன் நான்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். முதலில் கையில் இருந்த ஒரு மீட்டர் நீள ஒயரால் கண்ணாடிக் கம்பியை கேபினோடு இணைத்தேன். மல்டிமீட்டர் 0.1 ஓம் என்றது, ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம்தான் இறங்கியது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் மெல்லிய ஒயருக்கு சுமார் 1 மைக்ரோஹென்ரி. 27 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 170 ஓம் தடை! பேட்டரிக்கு ராஜபாட்டையாக இருப்பது ரேடியோ அலைக்கு மதில் சுவர். பரீட்சையில் இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டு மார்க் வாங்கியிருப்பேன்!

ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு அங்குல அகலத்தில் தட்டையான செம்புப் பின்னல் பட்டை வாங்கினோம். கண்ணாடிக் கம்பியிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து கேபினுக்கு, கேபினிலிருந்து சேசிஸுக்கு. ஒவ்வொன்றும் முடிந்தவரை குட்டையாக. போல்ட் உட்காருகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ். மறுபடி அளந்தால் 1.6, 1.4, 1.7. மைக்கை அழுத்தினேன். டாக்பேக் பாதியில் இருந்தும் விசில் இல்லை.

இரைச்சலுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். (அந்த நேரத்தில் மைக் பட்டனைத் தொடவே கூடாது, ரேடியோ போய்விடும்.) சத்தம் நின்றால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. தொடர்ந்தால் பவர் ஒயர் வழியாக. எங்களுக்குத் தொடர்ந்தது. கடைக்காரர் டேஷ்போர்டு ஃபியூஸ் பெட்டியில் ஏற்கனவே போய்க்கொண்டிருந்த ஒரு லைனில் கிள்ளி எடுத்திருந்தார். ஆல்டர்னேட்டரின் சத்தம் அதே லைனில் விருந்தாளியாக வந்துகொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான இரண்டு ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே இரண்டிலும் ஃபியூஸ் போட்டோம். ஙொய் போய்விட்டது. ஸ்குவெல்ச்சை, வெறும் காற்றிரைச்சல் அடங்குகிற இடம் வரைக்கும் மட்டும் வைத்தேன்.

வேலை முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். ஹிந்தியில் 'மாஃப்' என்ற சொல் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. பாஜி சிரித்தார். "சத்தம் நின்னுச்சுன்னு நானும்தானே சந்தோஷப்பட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் 19-ல் ரேடியோ செக் கேட்டார். முகம் தெரியாத யாரோ நெடுஞ்சாலையிலிருந்து "தெளிவா கேக்குது" என்று பதில் சொன்னார். இறங்குவதற்கு முன்னால், பழக்க தோஷத்தில், டாக்பேக்கைக் குறைக்கக் கையை நீட்டினேன். பாஜி தடுத்துவிட்டார்.

"கொஞ்சம் இருக்கட்டும் புத்தர். மறுபடி கெட்டுப்போச்சுன்னா எனக்குத் தெரியணும்ல?"