சுங்கம் திரும்பிய ஊர்

ஜனவரி மாதம், காலை ஏழரை மணி. ஸ்டாக்ஹோமில் இன்னும் விடியவில்லை. ஸ்கான்ஸ்டுல் பாலத்தின் ஓரம் குளிரில் நின்றிருந்தேன். நகருக்குள் நுழையும் கார்களிடம் வரி வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுங்கச்சாவடியைப் பார்க்க வந்திருந்தேன்.

சாவடியையே காணோம். சாலைக்குக் குறுக்கே, தலைக்கு மேல் ஓர் இரும்புச் சட்டம். அதில் வரிசையாகக் கேமராக்கள். கார்கள் வேகம் குறைக்காமல் அதனடியில் போய்க்கொண்டிருந்தன. கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும். மாதம் முடிந்ததும் உரிமையாளருக்குக் கணக்கு வந்துவிடும்.

"அலுவலக நேரமாச்சே, நெரிசல் எங்கே?" என்றேன்.

அழைத்து வந்த நண்பர் சிரித்தார். "வரியே அதுக்குத்தானே! நெரிசல் வரின்னுதான் இதுக்குப் பேரு."

இந்நகரைச் சுற்றிப் பெரும்பாலும் தண்ணீர். உள்ளே வரும் வழிகள் குறைவு. அதனால் 18 இடங்களில் கண் வைத்தாலே போதுமாக இருந்தது. 2006 ஜனவரி 3 அன்று வரியின் சோதனை ஓட்டம் தொடங்கியது. நேரத்தைப் பொறுத்து 10, 15 அல்லது 20 குரோனர்; இரவிலும் சனி, ஞாயிறிலும் இலவசம். கார் இல்லாமல் வருகிறவர்களுக்காக முந்தைய ஆண்டே பேருந்துகளைக் கூட்டியிருந்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று குறைந்தது.

ஐந்தில் ஒன்று பெரிதா என்று தோன்றலாம். நிறைந்த குடத்தில் கடைசியாக ஊற்றும் ஒரு செம்புதானே வழிகிறது? சாலையும் அப்படித்தான். அந்தக் கடைசிச் செம்பு குறைந்ததும் மற்ற வண்டிகளெல்லாம் நகர ஆரம்பித்துவிட்டன.

ஜூலை 31 அன்று சோதனை முடிந்தது. வரி போனது, கார்கள் திரும்பி வந்தன. செப்டம்பரில் வாக்கெடுப்பு. முதலில் முகம் சுளித்த நகரவாசிகள் குறுகிய பெரும்பான்மையில் 'வேண்டும்' என்றார்கள். வாக்கெடுப்பு நடத்திய சுற்றுப்புற நகராட்சிகளில் 'வேண்டாம்' என்பதே ஓங்கியது. தினமும் காரில் வந்து போகிறவர்களின் குறை அது. அதிலும் நியாயம் உண்டு. 2007 ஆகஸ்ட் 1 முதல் வரி நிரந்தரமானது.

ஸ்கான்ஸ்டுல் என்ற பெயரில் வரும் 'டுல்' என்றால் என்னவென்று நண்பரிடம் கேட்டேன். சுங்கம்! 1622 முதல் இங்கே வேலி போட்டு, ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி வாங்கினார்களாம். 1810-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஸ்கான்ஸ்டுல், நோர்டுல் என்று பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன, கோயம்புத்தூரில் சுங்கம் என்ற இடம் இருப்பதுபோல.

அன்று வரி கட்டுவதற்காக வண்டிகள் காத்து நின்றன. இன்று அந்தக் காத்து நிற்றலுக்கே வரி. நம்மூரில் சுங்கத்தை நீக்கிய குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினான். நான் நின்றிருந்ததோ, சுங்கம் வேண்டுமென்று மக்களே வாக்களித்த ஊரில்.