கோழி பார்த்து வைத்த இடம்

பெட்டி செய்து வைத்தும் கோழி அதில் முட்டையிடுவதில்லை என்ற கேள்வி நம் கேள்வி–பதில் பக்கத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. பெட்டியின் அளவைச் சொல்லிப் பதிலும் வருகிறது. நீளம் ஓரடி, அகலம் ஓரடி, உயரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி. அளவில் குறையில்லை. ஆனால் 22 சிறுவிடைப் பெட்டைகளை வைத்துக்கொண்டு நான்கு வருடமாக முட்டைக்குப் பின்னால் அலைகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அளவு கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, கட்டுத்தரைக்குப் பின்னால் சோளத்தட்டுப் போர். கோழிக்கு மறைவுக்குப் பஞ்சமே இல்லை. முட்டை ஒன்றை 15 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். நாளைக்கு நான்கு முட்டை வேலிக்குள் போனால் மாதத்துக்கு 1,800 ரூபாய். மகளிர் குழுத் தவணையும், கையில் மிஞ்சுகிற சிறுவாட்டுக் காசும் இந்த முட்டையில்தான் ஓடுகின்றன. அதனால் நான்கு முட்டைதானே என்று விட முடியாது.

காசைவிடப் பெரிய நட்டம் வேறு ஒன்று இருக்கிறது. கள்ளத்தனமாக இடுகிற கோழி பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் அங்கேயே அடைக்கு உட்கார்ந்துவிடும். காணாமல் போனது என்று நினைத்த கோழி 21 நாள் கழித்துக் குஞ்சுகளோடு வாசலுக்கு வரும் கதை எல்லா ஊரிலும் உண்டு. வராத கதையும் உண்டு. என்னிடம் ஒரு கருப்புப் பெட்டை இருந்தது. வைத்த முட்டையில் ஒன்றிரண்டு தவிர அத்தனையும் பொரிக்கிற கோழி. போன ஆவணியில் அது வேலியோரம் அடை படுத்திருக்கிறது, எங்கள் கண்ணில் படவில்லை. ஐந்தாம் நாள் கிளுவைத் தூரில் இறகும் உடைந்த ஓடும்தான் கிடந்தன. கீரியா, காட்டுப்பூனையா தெரியாது. அப்படி ஒரு தாய்க்கோழி எனக்கு இன்னும் அமையவில்லை.

எங்கள் அத்தை காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. காலையில் கூண்டைத் திறக்கும்போதே ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து, விரலால் தடவி, அன்றைக்கு முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுவார். இருப்பதை மக்கிரியில் கவிழ்த்துவைப்பார். இட்ட பிறகுதான் வெளியே. ஐந்தாறு கோழிக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. இருபதைத் தாண்டினால் ஒரு ஆள் விடியற்காலை முழுக்க இதற்கே நிற்க வேண்டும். பெட்டி தேவைப்படுவது அதனால்தான்.

வீட்டுக்காரர் முதலில் பெட்டிகளைக் கொட்டகை வாசலை ஒட்டி வைத்தார். குனியாமல் எடுக்கலாம், வெளிச்சத்தில் முட்டை தெரியும். மனிதருக்கு நல்ல ஏற்பாடு. கோழி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “நீ காட்டுற எடத்துல அது இடாது அம்மிணி. அது எங்க போகுதுன்னு ஒரு வாரம் சும்மா பாரு.”

பார்த்தேன். இடப்போகிற கோழி கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்கு முன்பே இரை பொறுக்குவதை விட்டுவிடுகிறது. தனியாக நடக்கிறது, முனகுகிறது, மூலை மூலையாகத் தலையை நுழைத்துப் பார்க்கிறது. அது தேடுவது இருட்டு, முதுகுக்கு ஒரு மறைவு, காலால் கிளறி வயிற்றால் அழுத்திக் குழி செய்ய ஏதாவது. ஏற்கெனவே முட்டை கிடந்தால் இன்னும் விருப்பம். இதைக் கோழியின் பிடிவாதம் என்று சொல்வது சரியில்லை. வெறும் கம்பிக் கூண்டில் முட்டைக்கோழி வளர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. கூண்டு வைத்தாலும் முட்டையிட ஒதுக்கிடம் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த அளவுக்கு அது கோழியின் தேவை.

என் கோழிகளில் பாதி கட்டுத்தரையின் மேற்கு மூலைக்கு, உடைந்த தாழிக்குப் பின்னால் போயின. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கே போனேன். தகரப் பெட்டி வெயிலில் காயும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டிகளைப் படுக்கவைத்து, மேலே சாக்குப் போட்டு, முன்னால் பாதி வாசலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டேன். வைக்கோல் சரிந்து வராமல், முட்டை உருளாமல் இருக்க வாசலில் நாலு அங்குலச் சட்டம். உள்ளே தாராளமாக வைக்கோல். பெட்டிக்கு ஒரு பொய் முட்டை. கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. நல்ல முட்டையையே கரிக்கோடு போட்டு விடுகிறவர்கள் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மறந்தால் கூமுட்டையாகி, பெட்டிக்குள் வெடித்தால் பத்து நாளைக்கு எந்தக் கோழியும் அந்தப் பக்கம் வராது.

அதோடு பத்து நாள், காலை பதினொரு மணி வரை கோழிகளைக் கட்டுத்தரை அடைப்புக்குள்ளேயே வைத்துத் தீவனம் போட்டேன். பெரும்பாலான கோழி அதற்குள் இட்டுவிடும். எல்லாம் அல்ல. ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆவதால் நாளுக்கு நாள் நேரம் தள்ளிக்கொண்டே போகும். ஒரு நாள் மதியத்தைத் தொட்டு, மறுநாள் இடாமல் விட்டு, பிறகு மீண்டும் காலையில் தொடங்கும். மதிய முட்டைதான் வேலிக்குப் போவது. பெட்டிக்கு ஒருமுறை பழகிய கோழி மதியத்திலும் அங்கேயே திரும்பி வருகிறது என்பதைப் பிறகு கவனித்தேன். வெடக்கோழி முதல் முட்டைக்கு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பெட்டி கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். வேலியில் ஒருமுறை இட்டுப் பழகியதைத் திருப்புவது அப்படியல்ல.

அடையும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டி மேல் ஏறிப் படுத்து எல்லாவற்றையும் எச்சமாக்கும். பொழுது சாய்ந்ததும் வாசலை மூடிவிடுகிறேன்.

நன்றாக இட்டுக்கொண்டிருந்த கோழிகள் திடீரென்று பெட்டியைவிட்டு விலகினால் முதலில் செள்ளைத் தேடுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாது. இடுக்கிலும் சாக்கு மடிப்பிலும் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும் வகை இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். வைக்கோலை எரித்து, சாக்கை மாற்றி, பெட்டியைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்த பிறகு என் கோழிகள் திரும்பின. புது வைக்கோலுக்கு அடியில் நொச்சி இலை போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம், நானும் போடுகிறேன்.

வேலியில் கிடைக்கும் குவியலை அப்படியே கடைக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீரில் போட்டால் புதிது அடியில் படுக்கும். நாள்பட்டது எழுந்து நிற்கும், மிதக்கும். ஒரு கூமுட்டை போனால் வாடிக்கை போய்விடும்.

இப்போது 22 பெட்டைகளில் 19 பெட்டியில் இடுகின்றன. மூன்று இன்னும் பக்கத்துத் தோட்டத்துத் தட்டுப் போருக்குத்தான் போகின்றன. “உங்க கோழி, எங்க போரு, முட்டை யாருக்கு அம்மிணி?” என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் கேட்டுவிட்டார் அல்லவா? போன வாரம் அந்தப் போரின் அடியிலேயே ஒரு கூடையும் பொய் முட்டையும் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு முட்டை எனக்கு, ஒன்று அவருக்கு என்று பேச்சு. போர் தை மாதத்தோடு தீர்ந்துவிடும். அதற்குள் அந்தக் கூடையைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் நகர்த்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.