சாவிலே சமத்துவம்

ஒரு சமூகம் எத்தகையது என்பதை அதன் சாவு வீடு காட்டிவிடும். லாபிஸ் வட்டாரத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவன் யான். கணவனைப் பறிகொடுத்த அண்டை வீட்டு அம்மையார், பாடைப் பூவுக்கும் மேளத்துக்கும் பதினாறாம் நாள் விருந்துக்குமாகக் காதுத் தோட்டை அடகு வைத்ததைக் கண்டிருக்கிறேன். மேளம் ஒரே நாளில் ஓய்ந்தது. வட்டி ஓய ஐந்து ஆண்டுகள் ஆயின.

பின்னர் பினாங்கிலுள்ள யூதர் இடுகாட்டைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. அது 1805-இல் ஏற்பட்டதென்பர். அங்குள்ள மிகப் பழைய கல்லறை 1835-ஆம் ஆண்டினது. முன்னாளில் யூதர் பெயரால் வழங்கிய அத்தெரு, இன்று ஜாலான் ஜைனல் ஆபிதீன் எனப்படுகிறது. அவ்விடத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது ஒரு தமிழ்க் குடும்பம் என்பதை நேயர்கள் அறிந்து மகிழ்வார்களாக!

யூத ஆடவர் இடுகாட்டினுள் தலையை மூடிக்கொள்வர். நம்மவரோ பிணம் போகக் கண்டால் தலைத்துண்டை இறக்கிவிடுவர். துக்கம் நேர்ந்தால் நாம் தலையை மழிக்கிறோம். அவர்கள் முப்பது நாள் மயிர் களைவதில்லை. அடையாளங்கள் எதிரெதிர், அன்பும் மரியாதையும் ஒன்றேயன்றோ?

ஆயினும் அவர்களிடம் நாம் கற்கவேண்டியது வேறொன்று. முற்காலத்தில் யூதருள்ளும் சாவுச் செலவு சாவினும் கொடிதாயிருந்ததாம். உறவினர் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடினர் என்று தால்முத் என்னும் அவர்தம் நூல் கூறுகிறது. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் கமாலியேல் என்னும் பெரியார், தம்மை எளிய சணல்நூலாடையிலேயே அடக்கஞ் செய்வித்தார். பெரியவர் போன வழியே ஊராரும் போயினர். துக்க வீட்டுக்குச் செல்வர் வெள்ளிக் கூடையிலும் ஏழையர் குச்சிக் கூடையிலும் உணவு கொண்டுவந்த வழக்கமும் மாறிற்று. ஏழையர் நாணாதிருக்க, எல்லாரும் குச்சிக் கூடையே எடுத்தனர்.

இன்றும் அவர்தம் பிணவாடை ஆடம்பரமற்ற வெள்ளைத் துணியே. அதில் பை வைப்பதில்லை. அடக்கம் முடிந்து வந்த துக்கத்தார்க்கு முதல் உணவை அளிப்பவர் அண்டை அயலார். நம் ஊரிலோ, துக்கத்தாரே ஊருக்கு விருந்திட வேண்டியிருக்கிறது!

ஏழையைப் பார்த்து “சிக்கனமாயிரு” என்று உபதேசிப்பது எளிது. கமாலியேல் உபதேசித்தாரல்லர், தம் உடலையே முன்மாதிரியாக்கினார். லாபிஸிலும் சிகாமட்டிலுமுள்ள நம் செல்வர்களும் சங்கத் தலைவர்களும் தம் பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வைக்கட்டும்: “எனக்குப் பூப்பாடை வேண்டா, ஒரு வெள்ளைத் துணி போதும்.” அவர்கள் முன்னே நடந்தால், எந்த ஏழைக் கைம்பெண்ணும் தோட்டை அடகு வைக்கமாட்டாள்.