இரண்டு விரல் இறுக்கம்

முகூர்த்தச் சாம்பாரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். நண்பன் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் சமையல் கான்ட்ராக்டர். 1997 மாடல் மாருதி ஆம்னி ஒன்றை மூன்றாவது கையாக வாங்கி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அண்டாவும் ஜல்லிக்கரண்டியும் ஏற்றி மண்டபம் மண்டபமாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். "சாம்பார்ல ஒண்ணும் இல்லடா, வண்டிக்குள்ளதான் வாடை. தேங்காப்பூவுல ஏறிக்கிச்சு" என்றான். வண்டியில் வேறு என்ன ஏற்றுவாய் என்று கேட்டேன். "அடுப்பு, ரெண்டு கேஸ் சிலிண்டர்." சிரிப்பு நின்றுபோயிற்று.

வீட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இரண்டு தடவை காட்டியிருக்கிறான். இரண்டு தடவையும் "கிளிப் லூசு, இறுக்கியாச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். இறுக்க இறுக்க வாடை கூடியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு பஞ்சர் கடைக்காரர், புதுப்பேட்டையில் பெட்ரோல் லைன் மட்டுமே பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார் என்று வழி சொன்னார். பெட்ரோல் லைனை மட்டும் பார்த்து ஒருத்தர் பிழைக்க முடியுமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நானும் ஏறிக்கொண்டேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

புதுப்பேட்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. காலையில் காணாமல்போன கார் மாலையில் இங்கே கதவு வேறு டிக்கி வேறாகத் தொங்கும் என்கிற பழைய கிண்டலை அங்கிருப்பவர்கள் ரசிப்பதில்லை. பாயின் கடை கூவத்தின் வாடை எட்டுகிற ஒரு சந்தில், இரண்டு சைலன்சர் கடைகளுக்கு நடுவில், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் இருந்தது. போர்டு கிடையாது. வண்டியைச் சந்து முனையிலேயே நிறுத்தச் சொன்னார். முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றினார்.

ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-இல் ஆம்னி ஆகி, 2019-இல் உற்பத்தி நிற்கும்வரை அந்த அமைப்பு மாறவில்லை. மூன்று சிலிண்டர், 796 சிசி. சின்ன வண்டிக்குள் சாமான் ஏற்ற இடம் கிடைத்ததும் அதனால்தான், பெட்ரோல் ஒரு சொட்டுக் கசிந்தாலும் நம் மூக்குக்கு நேராக வந்து நிற்பதும் அதனால்தான். பாய் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, டார்ச் கூட அடிக்காமல் முகத்தை உள்ளே கொண்டுபோனார். பிறகு ரப்பர் குழாயின் அடிப்பக்கமாக ஒரு விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார்.

"ஆள் மாத்தி ஆள் இறுக்கியிருக்காங்க சார். பாவம், குழாய் என்ன செய்யும்?"

பம்புப் பக்கம் இருந்த துண்டைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறி, என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கத்தில் கிளிப் இருந்த இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். நாம் எங்கேயும் பார்க்கிற கிளிப், பட்டையில் சாய்வாக வெட்டுகள் இருக்கும், திருகைத் திருப்பினால் அதன் மரை அந்த வெட்டுகளில் பிடித்துப் பட்டையை இழுக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் அடியில் இருக்கிற ரப்பர் போக வேறு வழியில்லாமல் அந்த வெட்டுகளின் வழியே பிதுங்குகிறது. இடியாப்ப அச்சில் மாவு பிதுங்குகிற மாதிரியே இருக்கிறது என்று நண்பன் சொன்னான். அவன் தொழில் அப்படி. பிதுங்கிய மேடுகளில் ஒன்று வெட்டின் விளிம்பில் அறுபட்டு, உள்நூல் தெரிந்தது. வாடை வந்த வாசல் அதுதான்.

இந்தத் திருகுக் கிளிப்பைப் பழைய மெக்கானிக்குகள் ஜூப்ளி என்பார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன் என்கிற கமாண்டர் 1921-இல் காப்புரிமை வாங்கி ஜூப்ளி என்று பெயர் வைத்து விற்றது. ரேடியேட்டர் குழாய்க்கு, தண்ணீர்க் குழாய்க்கு அதைப் போல வசதியானது இல்லை. பெரிய வட்டத்தில் அது நன்றாக உட்காரும். சின்ன வட்டத்தில்தான் சிக்கல். பாய் அதைச் சொல்லவில்லை, காட்டினார். ஒரு துண்டுக் குழாயில் அந்தக் கிளிப்பை மாட்டி இறுக்கி, சந்துக்கு வெளியே வெளிச்சத்தில் பிடித்தார். திருகு உட்காரும் கூட்டுக்கு அடியில், பட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே, மெல்லிய பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. சுற்றிலும் நசுங்கியிருக்கிறது, அந்த ஒரு இடத்தில் மட்டும் பிடிப்பே இல்லை. அந்த இடைவெளியை மூடலாம் என்றுதான் மேலும் மேலும் இறுக்குகிறார்கள். எதிர்ப்பக்கம் அறுபடுகிறது.

அவர் எடுத்து வைத்தது வேறு ஜாதி. அகலம் குறைந்த பட்டை, வெட்டு எதுவும் கிடையாது, உள்பக்கம் வழவழப்பு, இரண்டு ஓரமும் வெளியே மடிந்திருக்கும். இரண்டு காதுகளைச் சேர்த்து இழுக்க ஒரு சின்ன போல்ட்டும் நட்டும். கடைகளில் பெட்ரோல் கிளாம்பு என்றோ இன்ஜெக்ஷன் கிளாம்பு என்றோ கேட்டால் கொடுப்பார்கள். இதில் ஒரு கஷ்டம், இது எல்லா அளவுக்கும் பொருந்தாது. ஜூப்ளி நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சமாளிக்கும். இது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதனால் குழாயின் உள்ளளவைச் சொல்லிக் கேட்டால் தப்பாகிவிடும். குழாயைப் பைப்பில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு வெளிச்சுற்றின் குறுக்களவை எடுத்து, அதற்குத்தான் கிளாம்பு வாங்க வேண்டும். நண்பனின் வண்டியில் நடந்த இன்னொரு கூத்து அப்போதுதான் தெரிந்தது: 6 மில்லிமீட்டர் குழாய் போட வேண்டிய இடத்தில் 8 மில்லிமீட்டரைச் சொருகி, தொளதொளப்பைக் கிளிப்பால் சரிக்கட்டியிருக்கிறார்கள். ரப்பர் மடிந்து உள்ளே ஒரு சுருக்கம். சட்டைக் காலரில் பின் குத்தினால் சுருக்கம் விழுமே, அப்படி.

"கம்பெனிலேர்ந்து வரும்போது ஸ்பிரிங் கிளிப்புதான் சார் இருந்துச்சு" என்றார். பிளேயரால் அழுத்தினால் விரிந்து, விட்டால் தானே பிடித்துக்கொள்ளும் கம்பி வளையம். ரப்பர் சூட்டில் தளர்ந்தாலும் அது கூடவே சுருங்கிப் பிடிக்கும். கார்ப்பரேட்டர் வண்டிக்கு அது தாராளம். பம்பு கொடுக்கிற அழுத்தம் ஐந்து பிஎஸ்ஐயைத் தாண்டாது. 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்ஷன் வண்டிகளின் கதை வேறு, அங்கே லைனில் சுமார் 3 பார், நம் டயரில் இருக்கிற காற்றைவிடக் கூடுதல். அங்கே ஸ்பிரிங் கிளிப்பும் ஆகாது, சாதாரண பெட்ரோல் ஹோஸும் ஆகாது. குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கச் சொன்னார்: எஸ்ஏஇ ஜே30 என்று போட்டு, பக்கத்தில் ஆர்6 அல்லது ஆர்7 இருந்தால் கார்ப்பரேட்டருக்கு, ஆர்9 இருந்தால் இன்ஜெக்ஷனுக்கும் தாங்கும். ஒன்றும் அச்சடிக்காத கறுப்புக் குழாய் என்றால்? "அது மீன் தொட்டிக்கு."

கார்ப்பரேட்டரைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார். ஜப்பான் மிக்குனியோடு சேர்ந்து மறைமலைநகர் யூகால் கம்பெனி செய்ததை ஏதோ குலதெய்வம் மாதிரி கழற்றி வைத்து, ஜெட், ஃப்ளோட், நீடில் என்று விளக்கினார். எனக்குப் பாதிக்கு மேல் ஏறவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஏனென்றால் என் கண் அவர் கையில் இருந்த சாமான் மேலேயே இருந்தது. எஞ்சின் வால்வு ஒன்று. காளான் குடை மாதிரித் தலை, நீளத் தண்டு. தண்டின் முனையில் 7 மில்லிமீட்டர் பாக்ஸ் ஒன்றை வெல்டு வைத்திருந்தார். கிளாம்பு போல்ட்டின் தலையில் பாக்ஸைப் பொருத்தி, வால்வின் தலையைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துத் திருகுகிறார். கைப்பிடி இல்லை, குறுக்குக் கம்பி இல்லை. வால்வுத் தலையின் ஓரம் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது.

இதை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதும் வலது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வேறு நிறத்தில் இருந்தது.

வாலாஜாபேட்டைப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் மாமாவோடு வந்தவர். முதல் மூன்று வருஷம் அம்பாசடர்களை உடைக்கிற இடத்தில் நட்டுப் பொறுக்கியிருக்கிறார். மாருதி வந்தபோது பழைய மிஸ்திரிகள் அதைத் தொட யோசித்தார்களாம், "தகர டப்பா" என்று. சின்னப் பையன் தொட்டான். இருபது வயதில் கார்ப்பரேட்டருக்கு அவர் பெயரைச் சொல்லித் தேடி வந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு மாருதி வேன். புதுக் குழாய் போட்டு, டீ ஸ்பேனரைக் கொண்டு கிளிப்பை நன்றாக இறுக்கி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறார். குழாய் கிளிப்புக்கு அடியில் அறுந்து பெட்ரோல் பீய்ச்சியது. பக்கத்தில் பிளக் வயர் ஒன்று பழசு, பொறி தெறித்துக்கொண்டிருந்தது. மணலை அள்ளிக் கொட்டி வண்டியைக் காப்பாற்றினார்கள். "இறுக்கினது நான்தான் சார். வேற யாரையும் சொல்ல முடியாது. டீ ஸ்பேனர்ல எவ்ளோ பலம் போகுதுன்னு கைக்கே தெரியாது."

கட்டு பிரித்த வாரத்தில் செய்ததாம் இந்த வால்வுச் சாவி. அதன் சூட்சுமத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மெக்கானிக்கின் விரலில் எப்போதும் எண்ணெய் இருக்கும். வால்வுத் தலை வழவழப்பு. போதுமான அளவு இறுகியதும் விரல் தானாக வழுக்கிவிடும். அதற்கு மேல் இறுக்க அவரே நினைத்தாலும் முடியாது. பெரிய கம்பெனிகள் இத்தனை நியூட்டன் மீட்டர் என்று கணக்குப் போட்டு டார்க் ரெஞ்சு வாங்குகிற வேலையை ஒரு கழித்துப்போட்ட வால்வும் எண்ணெய்க் கையும் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கின்றன.

இந்த மனிதருக்கு அன்றைக்குக் கிடைத்த கூலி இருநூறு ரூபாய். அதில் ஐம்பது, வண்டி அனுப்புகிற புரோக்கருக்கு. எங்களை எந்தப் புரோக்கரும் அனுப்பவில்லை, ஆனாலும் சந்து முனையில் நிற்கிற வண்டியெல்லாம் தன் வண்டி என்பது அவன் கணக்கு. மதியம் வந்து, பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். அது கூடப் பெரிதில்லை. இந்தத் தொழிலின் வருமானம் கூலியில் இல்லை, சாமானில் வைக்கிற கமிஷனில் இருக்கிறது. எட்டு ரூபாய்க் கிளிப்பை நாற்பது என்று பில் போட்டால் முப்பத்திரண்டு கையில் நிற்கும். நல்ல கிளாம்பின் விலையே நாற்பது, அதைப் போட்டால் ஒன்றும் நிற்காது. அப்படியென்றால் தெரிந்தவன் தோற்கிறான், தெரியாதவன் ஜெயிக்கிறான். மொத்த வியாபாரி மூட்டையாக இறக்கி, நல்ல பெயர் அச்சடித்த உறையில் போட்டு விற்கிறான். அவனுக்குக் கை சுடுவதில்லை. நாம்? ஐந்தாயிரத்துக்கு சீட் கவர் போடுவோம், ஸ்பீக்கர் மாட்டுவோம். கிளாம்புக்கு நாற்பது ரூபாய் என்றால், "இத்துனூண்டு இரும்புக்கா?" என்போம். நண்பனும் அதைத்தான் கேட்டான். அவன் வடைக்கு உளுந்தைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவன்.

இரும்பு என்றதும் ஞாபகம் வருகிறது. காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட், ஒட்டாவிட்டால் அசல் ஸ்டெயின்லெஸ் என்று கடைப் பையன்கள் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். ஸ்டெயின்லெஸ்ஸிலேயே காந்தம் ஒட்டுகிற வகை உண்டு, துருப்பிடிப்பதைத் தாங்குவதில் அது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பாய் பட்டையைப் பார்ப்பதில்லை, திருகைப் பார்க்கிறார். பட்டை பளபளவென்று ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கும், திருகு முலாம் பூசின சாதா இரும்பாக இருக்கும். இரண்டு மழைக்காலத்தில் திருகு துருவேறி இறுகிக்கொள்ளும். பிறகு கழற்ற வேண்டுமானால் குழாயோடு அறுக்க வேண்டியதுதான்.

இப்போது அவருக்கு வேலை கூடியிருக்கிறது. மகிழ்ச்சியான காரணம் இல்லை. 2025-இல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டைத் தொட்டது. பழைய வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஊறி உப்புகிறது, வண்டி சும்மா நின்றால் காய்ந்து வெடிக்கிறது. உப்பும்போது கிளிப் ரப்பரைக் கடிக்கிறது, காயும்போது தொளதொளக்கிறது. கிளிப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய குழாயை விட்டுவைக்க அவர் சம்மதிப்பதில்லை. டேங்கிலிருந்து ஃபில்டர், பம்பு, கார்ப்பரேட்டர், திரும்பிப் போகிற லைன் என்று அத்தனை ரப்பர் துண்டுகளையும் மாற்றினார். இரும்புக் குழாயின் முனையில் மோதிரம் மாதிரி ஒரு மேடு இருக்கும். கிளாம்பு அந்த மேட்டின்மேல் உட்காரக் கூடாது, அதைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பார்த்தார்.

"பத்து நாள் ஓட்டிட்டு வாங்க. ரப்பர் படியும். ஒரு தடவை புடிச்சு விட்டுடணும். காசு வேணாம்."

நண்பன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். முகூர்த்த மாதம். பதினோராம் நாள் சாவியை வாங்கிக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். வாடை இல்லை, பெருங்காயம்தான் வீசியது. பாய்க்கு அன்று வேறு வண்டியில் கை மாட்டியிருந்தது. வால்வுச் சாவியை என்னிடம் நீட்டி, "நீங்களே புடிங்க சார்" என்றார். சீட்டைத் தூக்கி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பாக்ஸைப் பொருத்தினேன். வேட்டியில் விரலைத் துடைக்கப் போனபோது அங்கிருந்தே சத்தம் போட்டார்: "துடைக்காதீங்க! எண்ணெயைத் தொட்டுக்குங்க."

தொட்டுக்கொண்டேன். கால் சுற்று திரும்பியது. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன், விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தேன், மறுபடி வழுக்கியது.

"அடுத்ததுக்குப் போங்க" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.