கீழே புகுந்து தூக்கும் காற்று

வேதாரண்யம் பக்கம் தலைமையாசிரியராக இருக்கும் நண்பர் கூப்பிட்டார். "பள்ளி முற்றத்துக்குக் கூரை போடுறோம், வந்து பாருங்க." அங்கே முன்பு கீற்றுக் கொட்டகை இருந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதன் பிறகு ஊர் ஊராகப் பள்ளிக் கொட்டகைகளைப் பிரித்தார்கள், இங்கும் பிரித்தார்கள். பிரித்ததோடு சரி. வெயிலானால் சுவரோர நிழல், மழையானால் வகுப்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டு மதியச் சோறு. இப்போதுதான் பழைய மாணவர்கள் பணம் போட்டிருக்கிறார்கள்.

நான் போனபோது தூண் நட்டு வெல்டிங்கும் முடிந்திருந்தது. தகடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். அப்பா கீற்று வேய்ந்தவர். இவர் சிறுவயதில் அவருக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துத் தொழிலுக்கு வந்தவர். தகட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பைப் பையன்கள் பர்லின் என்கிறார்கள். இவர் வாயில் அது இன்னும் வரிச்சுதான்.

இடுப்புப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து என் கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம், துளை போடும் முனை, தலைக்குக் கீழே கறுப்பு ரப்பர் வாஷர்.

"காத்து மேலேர்ந்து அமுக்கும்னு நெனைக்கிறாங்க சார். அது கீழ பூந்து தூக்கும். கஜால என் வீட்டுத் தகரம் அப்படித்தான் போச்சு."

2018 நவம்பர் 16, விடியுமுன் அடித்த புயல் அது. நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்கு ஆபத்து இன்னும் அதிகம். உள்ளே புகுந்த காற்று முட்டித் தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். ஓரமும் மூலையும்தான் முதலில் கிளம்பும். அதனால் ஓரத்தில் தகட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ இறக்குகிறார். பள்ளத்தில் போடுவதில்லை, அது தண்ணீர் ஓடும் வழி. கூடுதலாக முறுக்கினால் வாஷர் பிதுங்கிக் கிழியும், குறைந்தால் ஒழுகும். டிரில்லின் சத்தம் கனக்கிற அந்த நொடியில் விரலை எடுத்துவிடுகிறார். எட்டிப் பார்த்தேன். வாஷர் லேசாக உப்பி நின்றது.

ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஸ்க்ரூ, மேடு விட்டு மேடு போடத்தான் காணும். மீதிக்கு மேஸ்திரி தன் கூலியில் ஒரு பெட்டி வாங்கியிருந்தார். கூலியோ சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியது. ஸ்க்ரூ கூடினால் நேரம்தான் கூடும். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகளின் தலைக்கு மேல் நிற்கப்போகிற இரும்பில் மிச்சம் பிடிக்கிறவர் பில்லில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. புயலில் தகடு பறந்தால் ஊர் இந்த மேஸ்திரியைத்தான் ஏசும், ஒப்பந்தக்காரரை அல்ல.

"என் பேரை எங்கயும் சொல்லிடாதீங்க சார், அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றார். பேரைச் சொல்லாமல் நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு, சாயங்காலத்துக்குள் இரண்டு பெட்டி வரவழைத்தார்.

ஐந்து மணிக்குப் பையன்கள் இறங்கிக் கை கழுவினார்கள். மேஸ்திரி மட்டும் பெயின்ட் பிரஷ்ஷோடு மறுபடி ஏறினார். துளை போட்டபோது சிதறிய இரும்புத் துருவல் தகட்டின் மேல் கிடக்கும். ராத்திரி உப்புக் காற்றில் அது துருப்பிடித்துப் பெயின்ட்டையும் தின்றுவிடுமாம். முட்டி போட்டபடி ஸ்க்ரூ வரிசையாக நகர்ந்து நகர்ந்து கூட்டினார். கீழே நின்ற என் சட்டையில் துருவல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.