கீழக்குயில்குடிக்கு ஒரு டவுன் பஸ்

மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்தில் கீழக்குயில்குடி என்று பலகை மாட்டிய டவுன் பஸ் வந்து நின்றதும், கூடையும் பையுமாக ஏறுகிற கிராமத்துப் பெண்களுக்கு நடுவே எப்படியோ ஓர் இடம் பிடித்துக்கொள்பவருக்கு, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கத்து வயல்களின் காற்று முகத்தில் படுவதற்குள்ளாகவே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சமணப் பள்ளியின் அடிவாரத்தில் இறங்கும் பாக்கியம் கிட்டுகிறது. சொந்த வாகனம் இல்லாமல் ஒரு பகல் முழுதும் காலாற நடக்க விரும்பும் மதுரைக்காரருக்கு இதைவிடச் சௌகரியமான ஸ்தலம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

சமணர் மலையின் காலடியில் தாமரைக் குளமும், அதையொட்டி அய்யனார் கோயிலும், விழுது இறக்கிய ஆலமரங்களும் இருக்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நிழலிலேயே கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, நிழல் அத்தகையது. சற்று ஊக்கமுள்ளவர்கள் மலையைச் சுற்றித் தென்மேற்குப் பக்கம் நடந்து செட்டிப்புடவு என்னும் குகைக்குப் போகிறார்கள். அங்கே பாறையில் ஆஜானுபாகுவாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊரார் உரிமையோடு ‘செட்டியார்’ என்றே அழைக்கிறார்கள். குகைக்குள் குனிந்து நுழைந்து அண்ணாந்து பார்த்தால், வளைந்த விதானத்தில் சிம்மத்தின்மீது ஏறி, யானைமேல் வருபவனோடு போர்புரியும் இயக்கி ஒருத்தி தென்படுவாள். அஹிம்சையையே பரம தர்மமாகக் கொண்டவர்களின் குகையில் இத்தனை வீராவேசமான சிற்பம் இருப்பது பார்ப்பவரைச் சற்றுத் திகைக்க வைக்கத்தான் செய்யும்.

ஆயினும் இம்மலையின் சாரம் பேச்சிப்பள்ளத்தில்தான் இருக்கிறது. கோயிலருகே தொடங்கும் படிகளில் மூச்சிரைக்க ஏறினால், ஒரு சுனையும், அதற்கு மேலே பாறை முகப்பில் வரிசையாகச் செதுக்கிய எட்டுத் திருவுருவங்களும் காணப்படும். மகாவீரர், பாம்பு குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி என்று அடையாளம் கண்டுகொண்டு போகும்போதே, அவற்றின் கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்களும் பொறித்திருப்பது புலப்படும். அவர்களில் ஒருவர் குணமதியார். பாண்டிய நாட்டுக் குன்றுகள் பலவற்றில் தம் பெயரைப் பதித்துச் சென்ற அச்சணந்தி முனிவரின் தாயார். இல்லறம் துறந்துபோன மகனின் பெயரைச் சொல்லியே தாய் கல்லில் நிலைத்திருப்பதை எண்ணியபடி அந்தச் சுனையோரத்தில் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் தகும். இன்னும் மேலே ஏறினால், 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்து மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. உச்சியிலிருந்து திருப்பரங்குன்றத்தையும், மறுபுறம் நீண்டு கிடக்கும் நாகமலையையும் ஒருங்கே காணலாம்.

இறங்கியபின் ஊருக்குள்ளும் ஒரு சுற்று நடப்பது அவசியம். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர்மீது ஆங்கிலேய சர்க்கார் பிரயோகிக்கத் தொடங்கியது, 1914-இல், இவ்வூரில்தான். ஒரு ஜாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஆண்களின் கைரேகையைப் பதிவுசெய்து, இரவில் சொந்த வீட்டில் படுத்துறங்கும் சுதந்திரத்தையும் பறித்த அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் நீங்கியது. மலையின் பழமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதை ஏனோ ஒரு வாக்கியத்தில்கூடச் சொல்வதில்லை.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் பேச்சிப்பள்ளத்தை முடித்துக்கொண்டு, செட்டிப்புடவைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது உத்தமம். குடிநீர் கையோடு இருக்கட்டும். குணமதியார் பெயரைப் படிக்கப் போகிறவர்கள், அதன் பக்கத்தில் தங்கள் பெயரையும் கிறுக்கிவிட்டு வராமல் இருந்தால் பெரும் உபகாரம்.